ஒன்பதாம் மாதத்தில் கைவிடப்படும் நாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "ஆண் நாய். வயது ஒன்பது மாதம். தடுப்பூசி போட்டாயிற்று. இடம் போதாத காரணத்தால் நல்ல வீட்டுக்கு இலவசமாகத் தரப்படும்." இப்படி ஒரு வரி விளம்பரம் கண்ணில் படாத வாரம் இல்லை. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று ஊர் மாறுகிறது. வயது மட்டும் ஏழு மாதத்துக்கும் பதினான்கு மாதத்துக்கும் நடுவிலேயே நிற்கிறது. எட்டு வாரக் குட்டியாக வந்தபோது போதுமானதாக இருந்த இடம் ஒன்பதாம் மாதத்தில் திடீரென்று சுருங்கிவிடுவதில்லை. பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் உண்மைக் காரணம் வெளியே வருகிறது: ஆள்மேல் பாய்கிறது, கேட்டைத் திறந்தால் ஓடுகிறது, காயப்போட்ட துணியைக் கிழிக்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை. கடைசியில் "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று பழமொழி சொல்லி முடித்துவிடுகிறார்கள். வால் வளைந்தே இருக்கட்டும். பழக்கம் மாறும், எந்த வயதிலும் மாறும். டர்பன் வட்டாரத்தில் நாய்ப் பயிற்சியிலும் கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடும் வேலையிலும் இருக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் அந்த வயதைப் பற்றி. தீபாவளிக்கோ டிசம்பர் விடுமுறைக்கோ பிள்ளைகள் கேட்டார்கள் என்று குட்டி வாங்குகிறோம். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதன் 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைத்துவிடும். ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை நாய்க்கு விடலைப் பருவம். போர்புல், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களுக்கு அது இரண்டு வயது வரைகூட நீளும். ஆக, தீபாவளிக் குட்டி ஜூன், ஜூலையில் அந்தப் பருவத்தின் உச்சியில் நிற்கிறது. உடம்பு முழு நாய். தன்னை அடக்கிக்கொள்ளும் பக்குவம் இன்னும் வரவில்லை. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வழிகாட்டி நாய்களாகத் தயாராகும் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் "உட்கார்" என்றதும் உட்கார்ந்த நாய்களே எட்டு மாதத்தில் அவர் சொல்லுக்குத் தயங்கின. அதே சொல்லை வேற்று ஆள் சொன்னபோது அப்படித் தயங்கவில்லை. ஒரு வயது ஆனபோது பெரும்பாலானவை பழைய நிலைக்கு, அல்லது அதைவிட நல்ல நிலைக்கு வந்துவிட்டன. உங்கள் நாய் உங்களிடம் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் அது நன்றி கெட்ட நாய் அல்ல, எட்டு மாத நாய். அந்த நேரம் பார்த்துக் கைமாற்றினால் புதிய வீட்டுக்காரரும் அதே முரண்டைத்தான் பார்ப்பார். அங்கிருந்தும் அது திரும்பி வரும். இரண்டு வீடு மாறிய நாயைப் பழக்குவது உண்மையிலேயே கடினம்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. வீட்டுக் காவலுக்காகத்தான் பலரும் நாய் வைத்திருக்கிறோம். பழக்கினால் காவல் குணம் போய்விடும், எல்லோரோடும் குழையும் என்று நினைத்து வேண்டுமென்றே பழக்காமல் விடுகிறார்கள். இதில் உண்மை இல்லை. பழக்காத நாய் தெருவில் போகிற பள்ளிப் பிள்ளையைப் பார்த்தும் குரைக்கும், காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் பையைப் பார்த்தும் குரைக்கும். பகல் முழுதும் குரைக்கிற நாய் இரவு இரண்டு மணிக்குக் குரைத்தால் யார் எழுந்து பார்க்கப் போகிறார்கள்?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. திருட வருகிறவர்கள் முதல் நாளோ அதே இரவோ சுவருக்கு மேலாக இறைச்சித் துண்டு வீசுகிறார்கள். அதற்குள் கறுப்புக் குருணையாக இருப்பது ஆல்டிகார்ப் என்ற தடைசெய்யப்பட்ட பூச்சிமருந்து. தெருவில் 'டூ-ஸ்டெப்' என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். தின்ற சில நிமிடங்களிலேயே எச்சில் ஒழுகும், வாந்தி, பேதி, தசைத் துடிப்பு, பிறகு வலிப்பு. அந்த நேரத்தில் பால் ஊற்றுவது, உப்புக் கரைசல் புகட்டுவது எதுவும் வேண்டாம். புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு மிச்சத் துண்டை ஒரு பையில் எடுத்துக்கொண்டு நேரே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். போகும் வழியிலேயே போன் செய்துவிட்டால் அவர்கள் மருந்தை எடுத்துத் தயாராக வைத்திருப்பார்கள்.

கீழே கிடப்பதைத் தின்னாமல் விடப் பழகிய நாய்க்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பாவது உண்டு. "விடு" என்ற இந்த ஒரு பாடத்துக்காகவே மூன்று மாதம் செலவழிக்கலாம். உலர்தீனி ஒன்றை உள்ளங்கையில் மூடிப் பிடித்து நாயின் மூக்குக்கு எதிரே நீட்டுங்கள். நக்கும், முட்டும், காலால் பிராண்டும். கையை இழுக்காதீர்கள், பேசாதீர்கள். எந்த நொடியில் அது மூக்கைப் பின்னுக்கு இழுக்கிறதோ அந்த நொடியில் "நல்ல பையன்" என்று சொல்லி, மறு கையிலிருந்து அதைவிட ருசியான ஒரு துண்டைக் கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் 'காத்திருந்தால் அது கிடைக்கும்' என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை தானாகப் பின்வாங்கிய பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அடுத்து விரித்த கை. அடுத்து தரையில், கால் தயாராக, மிதித்து மூடும் தூரத்தில். அடுத்து யார்டில், கயிற்றோடு நடந்து போகும்போது. அதற்கும் அடுத்தது, நாய்க்குப் பழக்கமில்லாத ஒருவரைச் சுவருக்கு வெளியே நிற்கவைத்து அவித்த கோழித் துண்டை உள்ளே வீசச் சொல்வது. அப்போது நாய் நிச்சயம் கயிற்றில் இருக்க வேண்டும். இங்கே ஒரே ஒரு துண்டு அதன் வாய்க்குள் போய்விட்டாலும் ஒரு வார உழைப்பு வீண். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் நாய்க்குச் சலித்துவிடும். இதெல்லாம் செய்தாலும் இரவில் பசியோடு தனியே வெளியில் கிடக்கிற நாய்க்கு முழு உத்தரவாதம் யாரும் தர முடியாது. இரவுச் சாப்பாட்டை நிறைவாகப் போட்டு, வீட்டுக்குள்ளோ சுவரிலிருந்து தள்ளி ஒரு மறைவிலோ படுக்க வையுங்கள். காலையில் அதை வெளியே விடுவதற்கு முன் யார்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

கேட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தானியங்கிக் கேட் காருக்காகத் திறக்கும்போது நாய் பாய்ந்து வெளியே போவது, பின்னால் வரும் கோம்பி வேனில் அடிபடுவது, அடிபடாவிட்டாலும் வழி தவறி ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தில் போய்ச் சேர்வது, இவையெல்லாம் தினப்படி நடக்கிறவை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். நாய்க்கு மார்புப்பட்டை மாட்டி ஐந்து மீட்டர் கயிற்றைக் கட்டுங்கள். கழுத்துப்பட்டையில் நீளக் கயிறு கட்டினால் பாய்ந்து நிற்கும்போது கழுத்து வெட்டி இழுபடும். கேட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒருவர் நாயை உட்கார வைக்கிறார். மற்றவர் தாழ்ப்பாளை மட்டும் தட்டுகிறார், திறப்பதில்லை. உட்கார்ந்தபடியே இருந்தால் ஒரு துண்டு. அடுத்து ஒரு கை அகலம் திறப்பு. நாய் எழுந்தால் கேட் மூடிக்கொள்கிறது. திட்டு இல்லை, இழுப்பு இல்லை. 'நான் எழுந்தால் கேட் மூடும்' என்று அது தானே கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் பாதித் திறப்பு, முழுத் திறப்பு, ஆள் வெளியே போவது, கார் வருவது. ஒவ்வொரு படியிலும் பத்துக்கு எட்டு வந்தால் மேலே ஏறலாம். அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் ஒரு படி இறங்க வேண்டும். தினமும் செய்தால் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலான நாய்களுக்குப் பிடிபட்டுவிடும். கெடுவது எங்கே என்றால், இரண்டாம் நாளே அவசரப்பட்டுக் காருக்குத் தாவுவதில். அல்லது, பாடம் முடிவதற்குள் வீட்டில் வேறு யாரோ நாய் அவிழ்ந்திருக்கும்போது காருக்குள்ளிருந்தே ரிமோட்டை அழுத்துவதில். பாடம் முடியும்வரை கேட் திறக்கும் நேரமெல்லாம் நாய் பின்கட்டில் பூட்டியிருக்க வேண்டும். மின்வெட்டு வந்து கேட்டைக் கையால் தள்ளித் திறக்கிற நாட்களில் இதை மறந்துவிடுகிறோம்.

வேலிக்குப் பின்னால் நின்று குரைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார் என்பது நாய்க்குத் தெரியாது. 'நான் குரைத்தேன், விரட்டிவிட்டேன்' என்று ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு வெற்றி. வருடத்துக்கு முந்நூறு வெற்றி கிடைக்கிற வேலையை எந்த நாயும் விடாது. "ஃபுட்செக்!" (போ அப்பால்!) என்று நாமும் உள்ளேயிருந்து கத்தினால் கூடச் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அதற்குப் படும். தெரு தெரிகிற கம்பி வேலியில் இடுப்பு உயரத்துக்கு மூங்கில் தட்டியோ நிழல்வலையோ கட்டிப் பார்வையை மறைத்தாலே பாதி குரைப்பு நின்றுவிடும். மீதிக்கு, மூன்று முறை குரைத்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் ஒரு துண்டு கொடுங்கள். குரைத்துச் சொல்லிவிட்டு உங்களிடம் ஓடி வருகிற நாய்தான் நீங்கள் ஆசைப்பட்ட காவல் நாய்.

ஆள்மேல் பாய்வதுதான் விளம்பரம் கொடுக்க வைக்கிற முதல் காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது, அதுவும் வீட்டில் பாட்டி இருந்தால். நாற்பது கிலோ நாய் முந்தானையில் கால்போட்டால் விழுந்து இடுப்பெலும்பு முறிகிற வயது அது, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஆறு கிலோ குட்டியாக அதே நாய் பாய்ந்தபோது தூக்கிக் கொஞ்சியவர்கள் நாம்தான். இப்போது கையால் தள்ளுவதும் "இறங்கு, இறங்கு" என்று கத்துவதும் அதற்கு விளையாட்டு. பாய்ந்ததும் முகத்தைத் திருப்பி, கையைக் கட்டி, மரம்போல் நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் குனிந்து தடவுங்கள். முதல் நான்கைந்து நாளில் பாய்ச்சல் கூடும், குறையாது. இதுவரை பலித்தது பலிக்கவில்லையே என்று இன்னும் ஓங்கிப் பார்க்கும். "இந்த முறை நம் நாய்க்கு ஒத்துவரவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் எல்லோரும் சரியாக அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் இறங்கியிருக்கும். பாட்டியை இந்தப் பாடத்தில் நிற்க வைக்க வேண்டாம். விருந்தாளி வரும்போதும் பாட்டி நடமாடும்போதும் நாய் இரண்டு மீட்டர் கயிற்றில் இருக்கட்டும்.

இன்னொன்று, சொற்கள். நம் வீடுகளில் பாட்டி "உட்காரு" என்பார், பேரன் "சிட்" என்பான், வேலைக்கு வருகிற அம்மா ஜூலுவில் சொல்வார். அப்பாவுக்கு "டவுன்" என்றால் பாயாதே, மகளுக்கு "டவுன்" என்றால் படு. நாய் எந்த மொழியும் கற்கும். ஒரே ஒலிக்கு இரண்டு அர்த்தத்தை மட்டும் கற்காது. ஆறு சொல்லை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்: உட்கார், படு, இரு, வா, விடு, இறங்கு. எந்த மொழியிலும் இருக்கட்டும், வீட்டில் எல்லோரும் அதையே சொல்லட்டும். "வா" என்று கூப்பிட்டுத் திட்டவோ குளிப்பாட்டவோ மருந்து புகட்டவோ கூடாது. ஏற்கெனவே அந்தச் சொல் கெட்டுப்போயிருந்தால் அதை விட்டுவிட்டு "இங்கே" என்று புதுச்சொல் ஒன்றை முதலிலிருந்து தொடங்குங்கள்.

"அடியாத மாடு படியாது" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்து மாலை ஐந்தரைக்கு வருகிறீர்கள். காலை பத்து மணிக்குக் கிழித்த தலையணை தரையில் கிடக்கிறது. நாய் காதை மடக்கித் தலையைத் தாழ்த்துகிறது. குற்றவுணர்ச்சி என்று நினைத்து அடிக்கிறீர்கள். அது உங்கள் முகத்தையும் குரலையும் பார்த்துக் கெஞ்சுகிறது, தலையணையை நினைத்து அல்ல. ஏழரை மணி நேரம் கழித்து விழுகிற அடியிலிருந்து அது கற்பது ஒன்றுதான்: கேட் திறக்கும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டும். அப்படிப் பயந்த நாய்தான் பிறகு கையை நீட்டினால் கடிக்கிறது. நாள் முழுதும் சங்கிலியில் கட்டுவதும் அடிக்குச் சமம். தேவையில்லாமல் கட்டிப்போட்டு வதைப்பது இந்நாட்டின் 1962-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

கடித்துக் குதறுவதற்கு மருந்து எளிது: கடிக்க உரியதைக் கொடுப்பது, மற்றதை எட்டாமல் வைப்பது. உறையவைத்த முழுக் கேரட் நல்லது. பழைய செருப்பை விளையாடக் கொடுக்காதீர்கள். பழையது எது, நேற்று வாங்கியது எது என்று அதற்குத் தெரியாது. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும்.

பரிசுத் தீனி பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். பில்டாங் என்ற உலர்த்திய இறைச்சி, பொலோனி என்ற சாசேஜ் இரண்டிலும் உப்பு அதிகம். அவித்த கோழியே மேல். புரட்டாசியில் வீட்டில் அசைவம் புழங்காது என்பதால் பயிற்சியை ஒரு மாதம் நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. நிறுத்த வேண்டியதே இல்லை. சீஸ், பன்னீர், அவித்த கேரட், அதன் உலர்தீனி என்று எத்தனையோ இருக்கின்றன. விரதம் முடிந்த கையோடு பிரியாணி மிச்சத்தைத் தட்டில் கொட்டுவதுதான் ஆபத்து. அதில் இருக்கிற வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் சாக்லேட்டும் அதே போல் கூடவே கூடாதவை.

யார்டு பெரியது, அதற்குள் ஓடட்டும் என்பார்கள். யார்டில் நாய் ஓடுவதில்லை, காத்திருக்கிறது. விடலை நாய்க்கு காலையும் மாலையும் அரைமணி நேரமாவது வெளியே நடை வேண்டும். வேகத்தைவிட மோந்து பார்க்க விடுவது முக்கியம். கயிறு இறுகினால் நின்றுவிடுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைத் தாண்டமாட்டீர்கள், பரவாயில்லை. டர்பன் வெயிலில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலை நடையை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

அடங்காத நாய் ஒரே நாளில் அடங்கிப்போனால் சந்தோஷப்படாதீர்கள். ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அது உண்ணியால் வருகிற பிலியரிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் என்பது தாமதம். அதேபோல் சாதுவான நாய் திடீரென்று உறுமினால் முதலில் காதையும் பல்லையும் இடுப்பையும் மருத்துவர் பார்க்கட்டும். வலியைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. வெறிநோய்த் தடுப்பூசி இங்கே சட்டப்படி கட்டாயம்: மூன்று மாதத்தில் ஒன்று, முப்பது நாள் கழிந்து ஒரு வருடத்துக்குள் இன்னொன்று, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை என்பதால் இதில் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாம் செய்தும் வைத்துக்கொள்ள முடியாத வீடுகள் உண்டு. வேலை போகிறது, வீடு மாறுகிறது, பிள்ளைக்கு ஒவ்வாமை வருகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் "இலவசம்" என்று மட்டும் விளம்பரம் கொடுக்காதீர்கள். நாய்ச்சண்டை நடத்துகிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் தேடுகிறார்கள், விடலைப் பருவத்து ஆண் நாயைத்தான் தேடுகிறார்கள். தெருவில் இறக்கிவிட்டுப் போவது குற்றம். கருத்தடை செய்து, மைக்ரோசிப் போட்டு, சிறு தொகையாவது வாங்கிக்கொண்டு, எடுக்கிறவரின் வீட்டை நேரில் போய்ப் பார்த்துக் கொடுங்கள். சுவர் உயரம், கேட், நிழல், தண்ணீர் நான்கையும் பாருங்கள். முடியாவிட்டால் எஸ்.பி.சி.ஏ.வில் நீங்களே கொண்டுபோய்க் கையெழுத்துப் போட்டு ஒப்படையுங்கள். அதன் குறைகளை மறைக்காதீர்கள். பாய்கிறது என்று சொன்னால் பாய்ச்சலைத் தாங்குகிற வீடு கிடைக்கும்.

தடுப்பூசி அட்டையோடு இன்னொரு தாளும் நாயோடு போக வேண்டும். அதற்குத் தெரிந்த சொற்களை அந்தத் தாளில் எழுதுங்கள், ஆங்கில எழுத்தில், உச்சரிப்போடு. போகிற வீட்டில் தமிழ் பேசமாட்டார்கள். ஒன்பது மாதமாக "உட்காரு" என்ற சொல்லுக்கு உட்கார்ந்த நாய், அங்கே யாரும் அந்தச் சொல்லைச் சொல்லாததால் ஒன்றும் தெரியாத நாய் என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர்களும் மீட்புப் பணியாளர்களும் சிலர்,
டர்பன், தென் ஆப்பிரிக்கா